விஞ்ஞானத்தில் கலாநிதிப் பட்டம்: வயலை ஈடு வைத்துத்தான் போக வேண்டுமா?

கேள்வி: சம்மாந்துறை வாசகர், 2025 ஓகஸ்ட் 8

தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடத்தில் நான்கு வருடப் பட்டம் முடித்திருக்கிறேன். வெளிநாட்டில் கலாநிதிப் பட்டம் செய்ய வேண்டும் என்பது நெடுநாள் விருப்பம். கிழக்கில் படித்தவர்களை நேரடியாக எடுக்க மாட்டார்கள் என்றும், முதலில் இங்கிலாந்தில் பணம் கட்டி முதுமாணி செய்தால்தான் வழி திறக்கும் என்றும் கொழும்பு முகவர் ஒருவர் சொல்கிறார். வாப்பா இறக்காமத்து வயலை ஈடு வைக்கத் தயாராக இருக்கிறார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள், அக்கா?

2025 ஓகஸ்ட் 9

வாப்பாவிடம் இன்றே சொல்லுங்கள், தம்பி: வயல் அப்படியே இருக்கட்டும். விஞ்ஞானத் துறைகளில் கலாநிதிப் படிப்புக்கு மாணவரின் குடும்பம் பணம் கட்டுவது வழக்கமில்லை. ஆய்வு செய்வதற்கும் இளநிலை மாணவர்களுக்கு ஆய்வுகூட வகுப்பு நடத்துவதற்கும் ஆட்கள் தேவைப்படுவதால், பல்கலைக்கழகமே கட்டணத்தை ஏற்றுக்கொண்டு மாதப்படியும் தருகிறது. நான் வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தில் இரசாயனவியலில் நான்கு வருடப் பட்டம் முடித்து, இடையில் முதுமாணி எதுவும் செய்யாமல், அமெரிக்காவின் மத்திய மேற்கு மாநிலம் ஒன்றில் கலாநிதிப் பட்டம் பெற்றுக் கல்லடிக்குத் திரும்பியவள். வீட்டிலிருந்து கொண்டுபோனது விமானச் சீட்டுக்கும் முதல் மாதங்களின் செலவுக்குமான பணம் மட்டுமே. என்னோடு சேர்ந்த நேபாள மாணவரும் கானா மாணவியும் அந்தப் பேராசிரியர்கள் அதற்குமுன் கேள்விப்பட்டிராத கல்லூரிகளில் படித்தவர்கள்.

முகவர் சொன்னதில் ஒரு பகுதி உண்மை உண்டு. ஐரோப்பாவின் பல நாடுகளில் கலாநிதிப் படிப்புக்கு முதுமாணிப் பட்டம் கேட்கிறார்கள். ஆனால் அமெரிக்காவில் நான்கு வருடப் பட்டத்திலிருந்து நேரடியாகச் சேரலாம். அவுஸ்திரேலியாவில் ஆய்வுக் கட்டுரையோடு கூடிய முதல் வகுப்புச் சிறப்புப் பட்டம் பெரும்பாலும் போதுமானது. முதுமாணி தேவைப்படும் ஜேர்மனியிலும் அரச பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் முதுமாணிக்குக் கட்டணம் இல்லை.

2025 ஓகஸ்ட் 10

ஒன்றை விட்டுவிட்டேன். கட்டணம் கட்டிப் படிக்கும் மாணவரைச் சேர்த்துக் கொடுத்தால் முகவருக்குப் பல்கலைக்கழகம் தரகுப் பணம் கொடுக்கும். சம்பளத்தோடு கூடிய கலாநிதி இடத்தில் அவருக்கு வருமானம் இல்லை. அவர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. அவர் காட்டும் வழிகளில் இந்த வழி ஏன் இருக்காது என்பதற்கு இதுவே காரணம்.

2025 ஓகஸ்ட் 17

செங்கலடியிலிருந்து ஒரு தங்கை, தனது பட்டம் மூன்று வருடப் பொதுப் பட்டம், தனக்கு வழி இல்லையா என்று கேட்டிருக்கிறார். வழி இருக்கிறது, ஆனால் சற்று நீளமானது. மூன்று வருடப் பட்டத்தை நேரடிக் கலாநிதி அனுமதிக்கு ஏற்றுக்கொள்ளும் அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் குறைவு. பேராதனையிலுள்ள விஞ்ஞானப் பட்டப்பின் படிப்பு நிறுவனத்தில் முதுமாணி அல்லது முதுதத்துவமாணி (எம்.பில்.) செய்வது இந்த இடைவெளியை நிரப்பும். கண்டி ஹந்தானையிலுள்ள தேசிய அடிப்படை ஆய்வுகள் நிறுவகம் ஆய்வு உதவியாளர்களைச் சம்பளத்தோடு எடுத்து, அந்த ஆய்வையே பட்டப்பின் படிப்புக்குப் பதிவு செய்ய இடமளிக்கிறது. இந்த இரண்டாவது வழியை நான் கூடுதலாக விரும்புகிறேன். வெளிநாட்டுப் பேராசிரியர் ஒருவர் உங்கள் விண்ணப்பத்தில் முதலில் தேடுவது, இந்தப் பிள்ளை பாடநூலுக்கு வெளியே ஒரு கேள்வியோடு நீண்ட காலம் இருந்து பார்த்திருக்கிறதா என்பதைத்தான்; கண்டியில் அந்த அனுபவம் கையில் காசோடு கிடைக்கிறது.

2025 ஓகஸ்ட் 24

“எங்கள் ஆய்வுகூடத்தில் நவீன கருவிகள் இல்லை, எதை எழுதுவது?” என்ற கேள்வி பல தடவை வந்துவிட்டது. இதற்கு என் அனுபவத்திலிருந்தே பதில் சொல்கிறேன்.

என் இறுதியாண்டு ஆய்வு, வயல் வடிச்சல் வாய்க்கால்கள் மட்டக்களப்பு வாவியில் வந்து விழும் இடங்களில் பொஸ்பேற்றின் அளவைப் பார்ப்பதாக இருந்தது. மொலிப்டினம் நீல முறையில் நிறத்தை உண்டாக்கி, 880 நானோமீற்றர் அலைநீளத்தில் ஒளி உறிஞ்சலை அளப்போம். உலகம் முழுவதும் செய்யப்படும் பழைய முறை. ஒரு சாதாரண நிறமாலை ஒளிமானி போதும். எங்களிடம் இருந்ததும் அந்த ஒன்றுதான், அதுவும் மின்சாரம் நின்றுவிட்டால் மறுபடி சூடாகி நிலைப்படும்வரை காத்திருக்க வேண்டும். ஆனால் வாவி நீர் ஒரே தன்மையுடையதன்று. பாலமீன்மடு முகத்துவாரம் திறந்திருக்கும் காலத்தில் கடல்நீர் ஏறி உவர்த்தன்மை கூடும். மாரி வெள்ளம் இறங்கும்போது குறையும். காய்ச்சி வடித்த நீரில் தயாரித்த, செறிவு தெரிந்த நியமக் கரைசலோடு உவர்நீர் மாதிரியை ஒப்பிட்டால் கிடைக்கும் எண்ணை நம்பலாமா என்ற ஐயம் எனக்கு ஆரம்பத்திலேயே வந்தது. ஆகவே நியமக் கரைசல்களை உப்பு நீரிலும் தயாரித்து, சில மாதிரிகளில் தெரிந்த அளவு பொஸ்பேற்றைச் சேர்த்து அது முழுமையாகத் திரும்பக் கிடைக்கிறதா என்றும் பார்த்தேன்.

அமெரிக்கப் பேராசிரியர் ஒருவர் இணையவழி நேர்காணலில், என்ன கருவி வைத்திருந்தீர்கள் என்று கேட்கவே இல்லை. வெற்று மாதிரியை (பொஸ்பேற்று சேர்க்காத மாதிரி) எப்படித் தயாரித்தீர்கள், கண்டறிதல் எல்லையை (அந்த முறையால் கண்டுபிடிக்கக்கூடிய மிகச் சிறிய அளவு) எப்படிக் கணக்கிட்டீர்கள், உப்பு குறுக்கிடவில்லை என்று எப்படித் தெரியும் என்றுதான் கேட்டார். நேர்காணலின் பெரும்பகுதி அந்த உப்பைப் பற்றியே போயிற்று.

ஆகவே விண்ணப்பத்தோடு அனுப்பும் நோக்க அறிக்கையில், சிறு வயதிலிருந்தே விஞ்ஞானத்தின் மீது ஆர்வம் என்ற வசனத்தோடு தொடங்காதீர்கள். நீங்கள் அளந்த பொருள், அதில் எழுந்த ஐயம், அந்த ஐயத்தைத் தீர்க்கச் செய்த காரியம், இன்னும் தீராமல் நிற்கும் பகுதி ஆகியவற்றை ஒரு பக்கத்தில் எழுதுங்கள். அம்பாறை வயல் மண்ணிலோ ஒலுவில் கரையின் அரிப்பிலோ நெல்லின் நோயிலோ வேலை செய்தவர் யாராக இருந்தாலும் இப்படி ஒரு பக்கம் எழுத முடியும்.

2025 செப்டெம்பர் 6

பேராசிரியர்களுக்கு எழுதத் தொடங்க இதுவே காலம். அமெரிக்க விண்ணப்பங்கள் பெரும்பாலும் டிசெம்பர் முதலாந் திகதிக்கும் 15ஆந் திகதிக்கும் இடையில் முடிவடையும். அதற்குமுன் யார் அடுத்த வருடம் மாணவர் எடுக்கிறார்கள் என்று தெரிந்திருப்பது நல்லது.

ஒரே கடிதத்தைப் பெயரை மட்டும் மாற்றி நூறு பேருக்கு அனுப்பும் பழக்கம் நம்மிடம் வேரூன்றியிருக்கிறது. அந்தக் கடிதத்தைப் பார்த்த மாத்திரத்திலேயே அவர்களுக்குத் தெரிந்துவிடும். ஒரு குழுவின் அண்மைய கட்டுரைகளில் இரண்டையாவது உட்கார்ந்து வாசியுங்கள். பிறகு எட்டு அல்லது பத்து வரிகளில், எந்தக் கட்டுரை, அதில் உங்களுக்கு எழுந்த கேள்வி, நீங்கள் செய்த ஆய்வு, அடுத்த வருட இலையுதிர் காலத்துக்கு மாணவர் எடுக்கிறாரா என்ற விசாரணை ஆகியவற்றை எழுதுங்கள். பதில் வராவிட்டால் இரண்டு கிழமை பொறுத்து ஒரு நினைவூட்டல் அனுப்பலாம். அதற்கும் பதில் இல்லையென்றால் அவரை விட்டுவிடுங்கள். அவர்களின் மின்னஞ்சல் பெட்டியின் நிலை அப்படி, அதில் உங்கள் தகுதியைப் பற்றிய தீர்ப்பு எதுவும் இல்லை.

2025 செப்டெம்பர் 7

ஐஈஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்ச்சிப் பரீட்சையின் பெறுபேறு இரண்டு வருடங்களுக்கே செல்லுபடியாகும். பட்டம் முடித்தவுடன் அவசரப்பட்டு எழுதி, விண்ணப்பிக்கும் நேரத்தில் காலாவதியாகிவிட்ட பிள்ளைகளைச் சந்தித்திருக்கிறேன். பட்டப்பின் படிப்பு அனுமதிக்கான ஜீஆர்ஈ பரீட்சையைப் பல அமெரிக்கத் துறைகள் இப்போது கேட்பதில்லை. ஒவ்வொரு துறையின் பக்கத்தையும் பார்த்த பிறகே அதற்குக் காசு கட்டுங்கள்.

2025 செப்டெம்பர் 21

ஓகஸ்டில் நான் எழுதியதை மறுபடி வாசித்தேன். அமெரிக்காவை முதலில் நிறுத்தியிருந்தேன், ஏனெனில் நான் அறிந்த வழி அது. இன்று அதே கேள்வியைக் கேட்டால் அமெரிக்காவையும் வேறு சில நாடுகளையும் சம நிறையில் வைத்துத்தான் பதில் சொல்வேன்.

2025 மே மாத இறுதியில் மாணவர் வீசா நேர்காணல்களுக்குப் புதிய நேரம் கொடுப்பதை அமெரிக்கத் தூதரகங்கள் நிறுத்தி, ஜூனில் சமூக ஊடகக் கணக்குகளைச் சோதிக்கும் நிபந்தனையோடு மறுபடி தொடங்கின. ஆய்வு நிதிகள் வெட்டப்பட்டதால் சில துறைகள் புதிய மாணவர் தொகையைக் குறைத்துவிட்டன. ஓகஸ்ட் இறுதியில் வந்த வரைவு விதியொன்று, மாணவர் வீசாவில் வருபவர்கள் ஒரே தடவையில் நான்கு வருடங்களுக்கு மேல் தங்க முடியாது, பிறகு நீடிப்புக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்கிறது. அங்கே விஞ்ஞானக் கலாநிதிப் படிப்பு ஐந்து வருடங்களும் அதற்கு மேலும் செல்வது சாதாரணம். இதை எழுதும் 2025 செப்டெம்பரில் அது வரைவு மட்டுமே. ஆனாலும் இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆகவே மற்ற நாடுகளைச் சற்று விரித்துச் சொல்கிறேன். ஜப்பானிய அரசின் மெக்ஸ்ட் புலமைப்பரிசிலில் கட்டணம் முழுவதும், போய்வரும் விமானச் சீட்டு, கலாநிதி மாணவருக்கு மாதப்படி (2025இல் 145,000 யென்) ஆகியவை கிடைக்கும். கொழும்புத் தூதரகத்தின் வழியாகவும் ஜப்பானியப் பல்கலைக்கழகத்தின் வழியாகவும் விண்ணப்பிக்கலாம். ஜேர்மனியில் கலாநிதி ஆய்வாளர் பலர் அரச ஊழியர் சம்பள அளவின் பாதியையோ மூன்றில் இரண்டு பங்கையோ ஒப்பந்தத்தின்படி பெறுகிறார்கள். அந்த ஒப்பந்தம் கையிலிருந்தால், சாதாரண மாணவர் வீசாவுக்காக வங்கியில் முடக்கிக் காட்ட வேண்டிய தொகை (2025இல் வருடத்துக்கு 11,904 யூரோ) தேவைப்படாது. நோர்வே, சுவீடன், நெதர்லாந்து ஆகியவற்றிலும் இது சம்பள வேலைதான். இடங்கள் வேலை விளம்பரம் போலவே வெளிவரும்.

இங்கிலாந்தில் அரச ஆய்வு நிதியம் 2025/26இல் தந்த மாணவர் படி வருடத்துக்குக் குறைந்தது 20,780 பவுண். 2021 முதல் வெளிநாட்டவருக்கும் இது திறந்திருக்கிறது, ஆனால் அவர்களுக்கு இடங்களில் 30 வீதத்துக்கு மேல் இல்லை, ஆகவே போட்டி கடுமையானது. அந்த நிதியம் உள்நாட்டு மாணவரின் கட்டண அளவையே செலுத்தும். வெளிநாட்டுக் கட்டணத்துக்கும் அதற்கும் உள்ள வித்தியாசத்தைப் பல்கலைக்கழகம் ஏற்கிறதா என்பதை எழுத்தில் கேளுங்கள். வருடத்துக்கு 776 பவுண் சுகாதாரக் கட்டணத்தை வீசாவுக்கு விண்ணப்பிக்கும்போதே முழுக் காலத்துக்கும் சேர்த்துக் கட்ட வேண்டும் என்பதையும் கணக்கில் சேருங்கள்.

2025 செப்டெம்பர் 22

பணத்தைப் பற்றி மருதமுனை வாசகர் தனியாகக் கேட்டிருக்கிறார்: எல்லாம் அவர்களே தருவார்கள் என்றால் கையில் ஒன்றும் வேண்டாமா?

வேண்டும். அமெரிக்காவுக்கு 2025இல் வீசாக் கட்டணம் 185 டொலர், மாணவர் பதிவு முறைமைக் கட்டணம் 350 டொலர். அதற்குமுன் ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் தனிக் கட்டணம் உண்டு. பல துறைகள் கேட்டால் அதைத் தள்ளுபடி செய்யும், தயங்காமல் கேளுங்கள். போய்ச் சேர்ந்த பின் முதல் மாதப்படி கைக்கு வர ஒரு மாதத்துக்கு மேலாகலாம். அதற்கிடையில் வாடகை முற்பணம், குளிருடை, பாத்திரம் என்று செலவு நிற்காது. கட்டணம் தள்ளுபடி என்று கடிதத்தில் இருந்தாலும், தவணைக்கொரு தடவை அறவிடப்படும் சில கட்டணங்களையும் காப்புறுதியின் ஒரு பகுதியையும் மாணவரே கட்ட வேண்டிய இடங்கள் உண்டு. 2022இல் சில மாதங்களுக்குள் டொலர் 200 ரூபாயிலிருந்து 360க்கு ஏறியபோது, அனுமதிக் கடிதத்தோடு காத்திருந்த பிள்ளைகள் இந்தச் சிறு தொகைகளுக்காகவே நகைகளை அடகு வைத்தார்கள். ஆகவே பெரிய கடன் வேண்டாம் என்று சொன்ன அதே வாயால், இந்தத் தொகையை இப்போதிருந்தே சேர்க்கச் சொல்கிறேன்.

2025 ஒக்டோபர் 4

இதுவரை நாடு, பணம், வீசா என்று பேசிவிட்டோம். நான் உண்மையில் சொல்ல விரும்புவது இனித்தான் வருகிறது. ஐந்து வருடங்களுக்கு உங்கள் நாட்களைத் தீர்மானிக்கப்போவது நாடும் அல்ல, பல்கலைக்கழகத்தின் தரவரிசையும் அல்ல. உங்கள் மேற்பார்வையாளர் என்ற ஒரு மனிதர்தான். எந்த ஆய்வைச் செய்வது, கட்டுரை எப்போது வெளியாகும், நீங்கள் எப்போது முடிக்கலாம், அடுத்த வேலைக்குப் பரிந்துரைக் கடிதம் எப்படி எழுதப்படும் என்பவற்றில் அவருடைய சொல்லே நிற்கும். உள்நாட்டு மாணவர் மனம் கசந்தால் வீட்டுக்குப் போய்விட்டு யோசிக்கலாம். நமக்கு வீசா அந்தப் படிப்போடு கட்டப்பட்டிருக்கிறது.

நான் முதலில் சேர்ந்த குழுவை இரண்டாம் வருடத்தில் விட்டு வெளியேறினேன். அந்தப் பேராசிரியர் துறையில் பெயர் பெற்றவர். கூட்டங்களில் மாணவர்களை மற்றவர் முன்னிலையில் சிறுமைப்படுத்துவார். சனி, ஞாயிறு ஆய்வுகூடத்தில் யார் இருக்கிறார்கள் என்று கணக்கு வைப்பார். குழுவில் இருந்த வெளிநாட்டு மாணவர்கள் எல்லோரும் வீசாவுக்குப் பயந்து வாய் திறக்காமல் இருந்தோம். பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் இருந்த ஒரு பெண்மணிதான், மாணவர் வீசா தொங்குவது பல்கலைக்கழகத்தில், பேராசிரியரில் அல்ல என்று எனக்கு விளக்கினார். அதே துறையில் முழுநேர மாணவியாகத் தொடரும்வரை மேற்பார்வையாளரை மாற்றுவது வீசாவைப் பாதிக்காது. பாதிக்கப்படுவது ஆய்வு நிதியிலிருந்து வந்த மாதப்படி. துறைத் தலைவரிடம் பேசி ஒரு தவணைக்குக் கற்பித்தல் உதவியாளராக மாறினேன், அந்தத் தவணைக்குள் இன்னொரு குழுவில் சேர்ந்தேன். என் பட்டம் அந்த இரண்டாவது குழுவில் கிடைத்தது. இன்றுவரை அந்த மேற்பார்வையாளரோடு கட்டுரை எழுதுகிறேன்.

இங்கிலாந்தில் இந்த மாற்றம் கூடுதல் சிக்கலானது. இலங்கையர் பல விஞ்ஞானத் துறைகளில் வீசாவுக்கு முன் ஏட்டாஸ் என்ற பாதுகாப்பு அனுமதி பெற வேண்டும். ஆய்வுத் தலைப்பு மாறினால் அதை மறுபடி பெற நேரிடும். ஜேர்மனியில் உங்கள் ஒப்பந்தத்துக்கு நிதி தருவது ஒரு குறிப்பிட்ட ஆய்வுத் திட்டமாக இருந்தால், குழுவை விட்டால் சம்பளமும் போகலாம். ஆகவே போவதற்கு முன்பே ஆளை விசாரிப்பதுதான் வழி.

எப்படி விசாரிப்பது? குழுவின் இணையப் பக்கத்தில் முன்னாள் மாணவர் பட்டியலைப் பாருங்கள். எத்தனை வருடத்தில் முடித்தார்கள், இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று தேடுங்கள். பிறகு அவர்கள் வெளியிட்ட பழைய கட்டுரைகளைத் திறந்து, கட்டுரையில் பெயர் இருந்தும் முன்னாள் மாணவர் பட்டியலில் இல்லாதவர்களைக் கண்டுபிடியுங்கள். சிலர் கோடைகாலப் பயிற்சிக்கு வந்து போனவர்களாக இருப்பார்கள். சிலர் நடுவில் விட்டுப் போனவர்களாக இருப்பார்கள். அப்படிப் போனவர்களுக்கு எழுதுங்கள். குழுவில் இப்போது இருப்பவர் உங்களுக்கு உண்மை சொல்ல விரும்பினாலும் அவருக்குக் கட்டுப்பாடு உண்டு. விட்டுப்போனவருக்கு அது குறைவு.

2025 ஒக்டோபர் 5

நேற்றைய குறிப்பைப் படித்துவிட்டு ஏறாவூரிலிருந்து ஒரு தாய், இப்படியென்றால் மகளைத் தனியே அனுப்புவது எப்படி என்று கேட்டிருக்கிறார். அம்மா, உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. என் தாயும் அதே பயத்தோடுதான் அனுப்பினார். மகளுக்கு அங்கே தொழுகைக்கு இடமும் ஹலால் உணவும் கிடைக்கும் நகரங்கள் பல உண்டு. எங்கள் பல்கலைக்கழகத்தில் முஸ்லிம் மாணவர் சங்கம் புதிதாக வருபவர்களை விமான நிலையத்துக்கே வந்து அழைத்துப் போனது. நான் எச்சரித்தது மேற்பார்வையாளரைத் தேர்வதைப் பற்றி மட்டுமே. உயிரியல் துறைகள் பலவற்றிலும் சில இரசாயனவியல் துறைகளிலும் முதல் வருடத்தில் இரண்டு மூன்று குழுக்களில் சில கிழமைகள் வேலை செய்து பார்த்தபின் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் ஏற்பாடு இருக்கிறது. மகள் அத்தகைய துறைகளுக்கு முதலிடம் கொடுக்கட்டும்.

2025 ஒக்டோபர் 12

பல்கலைக்கழகங்களில் தகுதிகாண் விரிவுரையாளராக இருப்பவர்களுக்கு இது. சம்பளத்தோடு கற்கை விடுமுறையில் போகும்போது, திரும்பி வந்து சேவை செய்வேன், தவறினால் பணம் கட்டுவேன் என்று பிணைமுறி எழுதுகிறீர்கள், சக விரிவுரையாளர்களோ உறவினர்களோ பிணை நிற்கிறார்கள். திரும்பி வந்து குறித்த காலம் சேவை செய்யாவிட்டால் அந்தப் பணத்துக்கு அவர்களும் பொறுப்பாளிகள். திரும்பாமல் இருந்துவிடுவது தனிமனிதரின் உரிமை என்று ஒரு வாசகர் வாதாடுகிறார். உரிமையை நான் மறுக்கவில்லை, ஆனால் பிணை நின்றவர் அந்தச் சுமையைத் தூக்கக் கூடாது. திரும்புவதில்லை என்று முடிவெடுத்தால் பணத்தை நீங்களே கட்டித் தீர்க்க வேண்டும். ஒருவர் கட்டாமல் போனால் அடுத்த வருடம் போகும் இளையவருக்கு இங்கே பிணை நிற்க ஆள் கிடைப்பதில்லை. இதை நான் கண்ணால் பார்க்கிறேன்.

2025 ஒக்டோபர் 26

சம்மாந்துறைத் தம்பி மூன்று பேராசிரியர்களிடமிருந்து பதில் வந்திருப்பதாக எழுதியிருக்கிறார். மிகுந்த மகிழ்ச்சி. அவருடைய கேள்வி, முன்னாள் மாணவர்களோடு பேச வேண்டும் என்று பேராசிரியரிடமே கேட்டால் மரியாதைக் குறைவாகாதா என்பது. ஆகாது, தம்பி. அங்கே அது வழக்கமான கேள்வி. “உங்கள் குழுவில் இப்போது இருப்பவர் ஒருவரோடும், முடித்துவிட்டுப் போனவர் ஒருவரோடும் பேச விரும்புகிறேன், தொடர்பு ஏற்படுத்தித் தர முடியுமா?” என்று நேரடியாக எழுதுங்கள். நடுவில் விட்டுப்போனவரை மட்டும் அவரிடம் கேட்காமல் நீங்களே தேடிக்கொள்ளுங்கள். பேசும்போது குழு எப்படி என்று பொதுவாகக் கேட்டால் நல்லது என்றுதான் பதில் வரும். கடைசியாக எப்போது விடுமுறை எடுத்தீர்கள், கட்டுரையின் முதல் வரைவு அவரிடமிருந்து திரும்பி வர எவ்வளவு காலம் எடுத்தது, நிதி முடிந்த மாணவருக்கு என்ன நடந்தது என்று கேளுங்கள்.

பரிந்துரைக் கடிதம் எழுதும் மூன்று விரிவுரையாளர்களுக்கும் நவம்பர் நடுப்பகுதிக்குள் திகதிப் பட்டியலையும் உங்கள் நோக்க அறிக்கையையும் கொடுத்துவிடுங்கள். பெறுபேற்றுப் பத்திரத்துக்குப் பதிவாளர் அலுவலகத்தில் இந்தக் கிழமையே விண்ணப்பியுங்கள். அமெரிக்காவிலிருந்து நிதியோடு கூடிய அனுமதி வந்தால், பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் ஒப்புக்கொண்டுள்ள ஏற்பாட்டின்படி ஏப்ரல் 15 வரை முடிவு சொல்ல உங்களுக்கு நேரம் உண்டு; அதற்குமுன் அவசரப்படுத்தினால் கடிதத்தை எனக்கு அனுப்புங்கள், சேர்ந்து வாசிப்போம்.